நம் அடையாளக் கார்டைக் காட்டி நுழையும் கிருமி



"ஐயா, லைம் நோய் என்று ஒன்று இருக்கிறதாம். உண்ணி கடித்தால் வருமாம். உடம்புக்குள் நுழைந்த கிருமியை நம் ரத்தத்தால் அடையாளம் கண்டுகொள்ளவே முடியாதாம். எங்கள் லயத்து மாடுகளின் மேல் உண்ணி நிறைய இருக்கிறது. அந்த நோய் எங்களுக்கும் வருமா?" என்று நான்காம் படிவத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதிக் கேட்டிருக்கிறாள்.

நல்ல கேள்வி. பதிலில் ஒரு பாதி ஆறுதலானது. மறு பாதி எச்சரிக்கையானது. ஆறுதலை முதலில் சொல்லிவிடுகிறேன். லைம் நோய் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா முதலிய குளிர்ப் பிரதேசங்களின் நோய். அங்கே மான்களும் காட்டெலிகளும் திரியும் காடுகளில் வாழும் ஒருவகை உண்ணிதான் அதைப் பரப்புகிறது. நம் மாட்டு உண்ணியைக் கண்டு அந்த நோய்க்காக அஞ்ச வேண்டியதில்லை.

எச்சரிக்கை என்னவென்றால், அந்தக் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி ஒன்று உண்டு. உருவத்திலும் ஒன்று போலவே இருக்கும். செய்யும் தந்திரத்திலும் ஒன்று போலவே இருக்கும். அது நம் நாட்டிலேயே, நம் லயத்துக் கால்வாயிலேயே, செம்பனைக் காட்டு வடிகாலிலேயே இருக்கிறது. எலிக்காய்ச்சல் என்று நாமும், கென்சிங் திகுஸ் என்று மலாய்க்காரர்களும் சொல்லும் நோயைத் தருவது அதுதான். ஆகவே இம்முறை அந்த இரண்டு உறவுக்காரர்களைப் பற்றியும் பார்ப்போம். குறிப்பாக, நம் உடம்பின் காவலை அவை எப்படி ஏமாற்றுகின்றன என்பதைத் தெரிந்துகொள்வோம். இதைத் தெரிந்துகொண்டால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

முதலில் லைம் கதை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஓர் ஊர். 1975-ஆம் ஆண்டில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கி வலி கண்டது. போலி மரே என்னும் தாய் ஒருவர், "இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீங்குவது இயற்கையல்ல" என்று சுகாதார அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டார். ஆராய்ச்சி தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து, 1981-இல், வில்லி பர்க்டார்ஃபர் என்னும் விஞ்ஞானி உண்ணியின் குடலுக்குள் நெளியும் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்: பொரேலியா பர்க்டார்ஃபெரி. ஒரு தாயின் பிடிவாதம் ஒரு நோயின் மூலத்தைக் காட்டிக் கொடுத்தது. படித்தவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லதுதான். ஆனால் பெற்றவள் கண்ணால் கண்டதைச் சொல்லத் தயங்கக் கூடாது என்பதற்கும் இந்தக் கதை சாட்சி.

இப்போது நம் ஊர்க் கிருமி. இதன் பெயர் லெப்டோஸ்பைரா. இதுவும் சுருள் வடிவந்தான். மயிரிழையை விடப் பல நூறு மடங்கு மெல்லியது. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால்கூடத் தெரியாது. முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். 1907-இல் ஸ்டிம்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இதை முதன்முதலில் பார்த்தபோது, கேள்விக்குறி போல இருக்கிறதே என்று நினைத்து அதற்கேற்பவே பெயர் வைத்தார். அதற்கு முன்பே, 1886-இல், அடால்ஃப் வெயில் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வரும் இந்நோயை விவரித்து எழுதியிருந்தார். 1915-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இனாடாவும் இடோவும் இந்தக் கிருமிதான் அந்நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்டினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர். ஈரத்தில் நின்று, எலிகளோடு எலிகளாக வேலை செய்தவர்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிய நோயன்று. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், 1920-களிலேயே மலாயாவில் இந்நோய் இருப்பதைக் கண்டு எழுதினார். அதாவது நம் பாட்டன்மார் காடழித்து ரப்பர் நட்ட காலத்திலேயே இந்தக் கிருமியும் இங்கே இருந்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் "காட்டுக் காய்ச்சல்" என்ற ஒரே பெயரின் கீழ் இதற்குப் பலியானார்களோ, கணக்கு வைத்தவர் யார்?

கிருமி எங்கே வாழ்கிறது? எலியின் சிறுநீரகத்தில். எலிக்கு நோய் இல்லை. வாழ்நாள் முழுவதும் ஓடியாடித் திரியும். ஆனால் சிறுநீர் விடும்போதெல்லாம் கிருமி வெளியே வரும். நாய், மாடு, பன்றி இவற்றின் சிறுநீரிலும் வரலாம். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அது வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். ஆனால் செம்பனை மரத்தடியில் வெயில் ஏது? வடிகாலில் காய்வது ஏது?

மனிதனுக்குள் நுழைய அதற்குப் பெரிய வாசல் தேவையில்லை. செம்பனை முள் கீறிய கீறல் போதும். வெகுநேரம் தண்ணீரில் நின்று ஊறிப்போன பாதம் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். குலை வெட்டுபவர், உதிரிப் பழம் பொறுக்குபவர், வடிகால் வெட்டுபவர், பால் மரம் வெட்டுபவர், மாடு வளர்ப்பவர் என்று நம் வேலை ஒவ்வொன்றும் இந்தக் கிருமியின் பாதையில்தான் இருக்கிறது. மலாக்கா, ஜொகூர் மாநிலங்களில் செம்பனைத் தொழிலாளர் 350 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் இந்தக் கிருமி முன்பு எப்போதோ வந்து போன தடயம் இருந்தது. ஆகவே இது எங்கேயோ யாருக்கோ வரும் நோயன்று.

சரி, கிருமி உள்ளே நுழைந்துவிட்டது. நம் உடம்பு சும்மா இருக்குமா? இருக்காது. இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

தோட்டத்து ஸ்டோருக்கு இரவில் ஜாகாக்காரர் இருப்பதுபோல நம் ரத்தத்திலும் ஒரு காவல் படை உண்டு. வெள்ளை அணுக்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றைத் தவிர, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து மிதக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த வேறொரு படையும் இருக்கிறது. கிருமிகளைக் கொல்வதில் மற்றக் காவலர்களுக்குத் துணையாக நிற்பதால் துணைப் புரதங்கள் என்று அவற்றை அழைக்கலாம். அவற்றின் வேலையை ஆராய்ந்து காட்டிய பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே 1919-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

இந்தப் படையின் முறை விசித்திரமானது. அது யார் நண்பன், யார் பகைவன் என்று முதலில் விசாரிப்பதே இல்லை. ரத்தத்தில் எதிர்ப்படும் எல்லாவற்றின் மேலும் ஒரு முத்திரையைக் குத்திவிடும். கிருமியின் மேலும் குத்தும். நம் சொந்த அணுவின் மேலும் குத்தும். ஒரு முத்திரை விழுந்த இடத்தில் அடுத்தடுத்துப் பல முத்திரைகள் விழும். முத்திரைகள் குவிந்தால் வெள்ளை அணுக்கள் ஓடி வந்து விழுங்கும். அதோடு விடாமல், துணைப் புரதங்களில் சில ஒன்றுகூடி, கிருமியின் தோலில் ஓட்டை போட்டுவிடும். ஓட்டை விழுந்த கிருமி பால் மங்கில் அடி ஓட்டையானது போலத்தான். உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிச் செத்துவிடும். நிமிடக் கணக்கில் முடிந்துவிடும் காரியம் இது.

அப்படியானால் நம் சொந்த அணுக்கள் எப்படித் தப்பிக்கின்றன என்று கேட்பீர்கள். அவற்றிடம் அடையாளக் கார்டு இருக்கிறது. 1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது மலாயாவில் அடையாளக் கார்டு வந்ததையும், தோட்ட வாசலில் அதைக் காட்டித்தான் போய்வர முடிந்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கார்டு இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். ரத்தத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். நம் ஈரல் 'எச் காரணி' என்னும் ஒரு புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அது நம் அணுக்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் இடத்தில் முத்திரை விழுந்தால், கூடவே வரும் இன்னொரு புரதம் அந்த முத்திரையை உடனே கத்தரித்துவிடும். "இவன் நம்ம ஆள், விட்டுவிடு" என்று சொல்வது போலத்தான். இந்த எச் காரணியை 1965-இல் கண்டுபிடித்தார்கள்.

கிருமிக்கு இந்தக் கார்டு கிடையாது. ஆகவே கிருமி சாகும். நம் அணு பிழைக்கும். இயற்கை எவ்வளவு அழகாக ஏற்பாடு செய்திருக்கிறது, பார்த்தீர்களா!

ஆனால் திருடனும் சும்மா இருக்கவில்லை. லைம் கிருமியும் நம் எலிக்காய்ச்சல் கிருமியும் தங்கள் மேல்தோலில் சில புரதங்களை முளைக்க வைத்திருக்கின்றன. அந்தப் புரதங்களின் வடிவம் எச் காரணியைக் கொக்கி போட்டுப் பிடிப்பதற்கு ஏற்றதாக இருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் எச் காரணியை அவை பிடித்து இழுத்துத் தங்கள் மேல் ஒட்டிக்கொள்கின்றன. போலிக் கார்டு தயாரிக்கவில்லை, கவனியுங்கள். நம் ஈரல் தயாரித்த அசல் கார்டையே பறித்துத் தங்கள் சட்டையில் குத்திக்கொள்கின்றன. காவல்காரன் வந்து பார்க்கிறான். அசல் கார்டு இருக்கிறது. "நம்ம ஆள்தான்" என்று முத்திரையைக் கத்தரித்துவிட்டுப் போய்விடுகிறான்.

எலிக்காய்ச்சல் கிருமியிடம் இப்படிப்பட்ட புரதங்கள் ஒன்றல்ல, பல. 'லென்-ஏ' என்று ஒன்று. 'லிக்-ஏ', 'லிக்-பி' என்று இரண்டு. இவை எச் காரணியைப் பிடிப்பவை. லிக் புரதங்கள் அதோடு நிற்பதில்லை. காவல் படையின் இன்னொரு வழியை அடக்கி வைக்கும் வேறொரு புரதமும் நம் ரத்தத்தில் உண்டு, அதையும் பிடித்துக்கொள்கின்றன. நம் உடம்பின் திசுக்களில் ஒட்டிக்கொள்வதற்கும் அவையே உதவுகின்றன.

இதில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்வாய்த் தண்ணீரில் கிடக்கும்போது கிருமி லிக் புரதங்களை அதிகம் தயாரிப்பதில்லை. அங்கே அவற்றுக்கு வேலை இல்லையே! ஆனால் நம் ரத்தம் உப்புக் கரிக்கும் அல்லவா? கிருமி உள்ளே நுழைந்து அந்த உப்பை உணர்ந்ததும் இந்தப் புரதங்களை மளமளவென்று தயாரிக்கத் தொடங்குகிறது. இதை 2005-இல் ஆராய்ச்சிக்கூடத்தில் காட்டினார்கள். வீட்டுக்குள் காலடி வைத்த பிறகுதான் திருடன் வேஷம் மாற்றுகிறான்!

இந்தத் தந்திரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. லெப்டோஸ்பைரா குடும்பத்திலேயே நோய் தராத சாதுவான கிருமிகளும் இருக்கின்றன. குளங்குட்டைகளில் தம்பாட்டில் வாழ்பவை அவை. மனித ரத்தத்தின் நீர்ப்பகுதியில் அவற்றைப் போட்டால் வெகு சீக்கிரத்தில் செத்துவிடும். நோய் தரும் வகையைப் போட்டால் அது பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். அண்ணன் தம்பிபோல இரண்டும். தம்பி சாகிறான், அண்ணன் பிழைக்கிறான். கார்டைத் திருடத் தெரிந்ததுதான் வித்தியாசத்துக்குப் பெரிய காரணம்.

"அப்படியானால் அந்த ஒரு புரதத்தை ஒழித்துவிட்டால் போதுமே" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். லிக்-பி இல்லாத கிருமியை உருவாக்கி, ஆராய்ச்சி விலங்குகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது: அப்போதும் கிருமி நோயைத் தந்தது. ஒரு சாவி தொலைந்தால் அடுத்த சாவி வைத்திருக்கிறது. அதனால்தான் மனிதர்க்கு எங்கும் பயன்படக்கூடிய நல்ல தடுப்பூசி ஒன்றை இதற்குக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது. மேலும், இந்தக் கிருமியில் முந்நூறு வகை போல உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்கு வேறு வகை மறுபடியும் வரலாம். "எனக்கு ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது" என்று யாரும் மார்தட்ட முடியாது.

இத்தனை விளக்கமும் எதற்கு? தேர்வுக்கு எழுதுவதற்கல்ல. நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தைக்காக. "சாதாரணக் காய்ச்சல்தான், உடம்பு தானாகச் சரிபண்ணிக்கொள்ளும்" என்கிறோம். பெரும்பாலான காய்ச்சல்களுக்கு இது சரி. ஆனால் முதல் காவலையே ஏமாற்றத் தெரிந்த கிருமிக்கு இது சரிப்படாது. நம் உடம்பில் இரண்டாவது காவல் ஒன்று உண்டு. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியாக ஆயுதம் வடித்துக் கொண்டுவரும் படை அது. அந்த ஆயுதம் தயாராக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் கிருமிக்குத் திருவிழா. அதற்குள் ரத்தத்தோடு ஓடி, ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று எங்கும் போய்விடும். நாம் மருந்து சாப்பிட வேண்டியது அந்த ஒரு வாரத்துக்குள்ளேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். செம்பனைக் காட்டில் வடிகால் வெட்டும் வேலை அவருக்கு. திடீரென்று கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. இரண்டு நாள் கடை மாத்திரை. மூன்றாம் நாள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனார். சளிக் காய்ச்சல் என்று மாத்திரையும் இரண்டு நாள் எம்.சி.யும் கொடுத்தார்கள். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எம்.சி. முடிந்ததும், சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்கும் போனார். ஆறாம் நாள் கண் மஞ்சளித்துவிட்டது, சிறுநீர் நின்றுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா, "உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டாராம். "தண்ணியிலே நின்னு வடிகால் வெட்டுறாருங்கம்மா. அங்கே எலி கணக்கில்லே" என்று அந்த அம்மாள் சொன்னதும் டாக்டரம்மாவின் முகமே மாறிவிட்டதாம். உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் சில நாள் வைத்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு மனிதர் வீடு திரும்பினார். மறுபடியும் வேலைக்குப் போகப் பல மாதமாயிற்று. அந்த மாதங்களில் அந்தப் பையன் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்த நாள்களை நான் அறிவேன். இரண்டு நாள் சம்பளத்தைப் பார்த்ததால் பல மாதச் சம்பளம் போயிற்று. உயிர் தப்பியது பெரும் புண்ணியம்.

அந்த அம்மாள் சொன்ன அந்த ஒரு வாக்கியந்தான் அவரைக் காப்பாற்றியது. ஆகவே தாய்மார்களே, இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், வேலையைச் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: "சாயா கெர்ஜா லாடாங், செலாலு மாசுக் ஆயிர் பாரிட், சானா பாஞாக் திகுஸ்." தோட்டத்தில் வேலை, எப்போதும் வடிகால் தண்ணீரில் இறங்குகிறேன், அங்கே எலி அதிகம் என்பது பொருள். பிள்ளைகள் இதை அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எந்தக் காய்ச்சலைச் சந்தேகப்படுவது? தண்ணீரோடும் சேற்றோடும் பழகிய ஐந்து முதல் பதினான்கு நாளில் பெரும்பாலும் வரும். சில சமயம் ஒரு மாதம்கூட ஆகலாம். காய்ச்சல் திடீரென்று ஏறும். தலைவலி கடுமையாக இருக்கும். கெண்டைக்காலும் இடுப்பும் அடித்துப் போட்டது போல வலிக்கும். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும். கண் மஞ்சளித்தல், சிறுநீர் குறைதல், இருமலில் ரத்தம், மூச்சுத் திணறல் இவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. நுரையீரலில் ரத்தம் கசியத் தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிது.

மருந்து அரிய மருந்தன்று. பென்சிலின், டாக்ஸிசைக்கிளின் போன்ற பழைய மருந்துகளே போதும். சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். அந்த மருந்துக்குக் கார்டு பார்க்கும் வழக்கமில்லை. எச் காரணி ஒட்டியிருந்தாலும் கிருமியைத் தாக்கிவிடும். ஆனால் பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை வாங்கி நீங்களே விழுங்க வேண்டாம். டாக்ஸிசைக்கிளின் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. இன்னொன்று: முதல் சில நாளில் ரத்தப் பரிசோதனை செய்தால் "நோய் இல்லை" என்று வரலாம். இரண்டாவது காவல் வடிக்கும் ஆயுதத்தைத்தான் வழக்கமான பரிசோதனை தேடுகிறது. அது தயாராக ஒரு வாரம் ஆகும் என்று முன்பே சொன்னேன். ஆகவே காய்ச்சல் விடவில்லையென்றால் மறுபடியும் போங்கள். "போன தடவைதான் ஒன்றுமில்லை என்றார்களே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வேலை செய்யும் இடத்தில் மட்டுந்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் சபாவில் நடந்த பெரிய சாகசப் போட்டிக்கு உலகெங்குமிருந்து 304 வீரர்கள் வந்தார்கள். பிறகு விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் கண்டிருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2010-இல் பகாங் மாநிலத்து லூபுக் யூவில், நீரில் மூழ்கிய இளைஞரைத் தேடப் போனவர்கள் சிலருக்கு மெலியோய்டோசிஸ் என்னும் மண்கிருமி நோய் கண்டது. அவர்களில் நால்வருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அதே ஆண்டில்தான் எலிக்காய்ச்சலைக் கண்டால் மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் வந்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்நோய் காண்கிறது, ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-இல் மதிப்பிட்டார்கள்.

பாரோயிலிருந்து கோலப்பிலா சாலையில் போனால் ஊலு பெண்டுல். விடுமுறையில் குடும்பத்தோடு போய்க் குளிக்கிறோம், நல்லதுதான். போகும்போது காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தைக் கரையில் கொட்டிவிட்டு வர வேண்டாம். மிச்சம் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் கிருமி வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை இவை. குப்பையை மூடி வையுங்கள். அரிசியும் சமைத்த சோறும் எலிக்கு எட்டாதிருக்கட்டும். டின் பானங்களின் வாயைத் துடைத்துவிட்டுக் குடியுங்கள். எலி நடமாடிய இடத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், குளோரோக்ஸ் கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவும்போது வெறுங்காலோடு நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கால்வாயில் மீன் பிடிக்க விடாதீர்கள்.

காட்டில் முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்தும் கையுறையும் போடுங்கள். "சப்பாத்துப் போட்டால் நடக்க முடியவில்லை" என்பார்கள். காலில் கீறல் உள்ளவர் அன்று ஒரு நாளாவது போடட்டும். கீறலின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டட்டும். கிழிந்த சப்பாத்தை மாற்றித் தருமாறு நிர்வாகத்திடம் கேட்பது பிச்சையல்ல. வேலையினால் தொற்றிய நோய்க்கும் சொக்சோ சட்டத்தில் இடமுண்டு. ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டையும் எம்.சி.யையும் பத்திரப்படுத்தி, தொழிற்சங்கத் தலைவரிடம் காட்டுங்கள்.

ஒரு நல்ல நண்பனையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகைக்கு வீடு. இரவில் எலி பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும் பறவை அது. அதன் குரலைக் கேட்டால் சாவு வரும் என்று நம் வீடுகளில் கல்லெறிந்து விரட்டுவார்கள். உண்மையில் அது சாவை விரட்டும் பறவை. அதன் கூட்டில் கை வைக்காதீர்கள். பிள்ளைகளையும் வைக்க விடாதீர்கள்.

நம் ரத்தத்தின் காவல்காரனைக் குறை சொல்வதற்கில்லை. அசல் கார்டைப் பார்த்து ஏமாறுகிறான், அவ்வளவே. நாம் ஏமாறாதிருக்கலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இன்று இரவே வாசித்துக் காட்டுங்கள். மழைக்காலக் காய்ச்சல் வந்தால், காலில் சேறு பட்டவர் யார் என்று முதலில் கேளுங்கள். பிறகு கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.